சொகுசுக் கப்பலில் நம் தண்ணீர், நம் தேயிலை, நம் பாட்டில்: கோத்தகிரியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகளை சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வேலைக்கு அனுப்பிய வீடுகள் நிறைய. அந்தப் பிள்ளைகள் அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ளும்போது, நான்கைந்து நாள் சொகுசுக் கப்பல் பயணத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். நான் டிக்கெட் பதிவுக் கடை வைத்திருப்பதால், பெட்டி கட்டும் முன் பெரியவர்கள் என்னிடம் வந்து உட்காருகிறார்கள். அலை பெரிதாக இருக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. எதைக் குடிப்பது, எதை எடுத்துப் போவது என்பதுதான் பெரும்பாலோரின் கவலை. ஒரே பதிலைப் பலமுறை சொன்ன பிறகு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நிறுவனங்கள் தங்கள் விதிகளை அவ்வப்போது மாற்றும். இங்கே உள்ள அளவுகளை வைத்துத் திட்டமிடுங்கள். புறப்படும் வாரத்தில் உங்கள் டிக்கெட்டோடு வந்த விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.

அம்மா, கப்பலில் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்களா? நாம்தான் கொண்டுபோக வேண்டுமா?

கொடுப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். பெரிய கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரித்தோ நன்னீர் எடுக்கின்றன. துறைமுகத்தில் நிரப்பிக்கொள்வதும் உண்டு. குளோரின் சேர்த்துச் சோதித்த பிறகே குழாய்க்கு வரும். உணவுக்கூடத்தில் எந்த நேரமும் பிடித்துக்கொள்ளலாம். அறைக் குழாயில் வருவதும் பொதுவாகக் குடிக்கத் தக்கதுதான்.

ஊற்றுத் தண்ணீர் குடித்துப் பழகிய நமக்கு முதல் நாள் அது சப்பென்று இருக்கும், அவ்வளவே. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டிலைக் காலியாக எடுத்துச் செல்லுங்கள். காலி பாட்டிலை யாரும் தடுப்பதில்லை. அதில் பிடித்து அறையில் வைத்துக்கொண்டால் நடுராத்திரியில் மாத்திரை போட எழுந்து நடக்க வேண்டாம்.

இலவசமாக வேறு என்னவெல்லாம் கிடைக்கும்?

பெரும்பாலான கப்பல்களில் தண்ணீர், சாதாரண டீ, சாதாரண காப்பி, பால், காலை உணவு நேரத்தில் பழச்சாறு ஆகியவை கட்டணத்தில் அடக்கம். எலுமிச்சைச் சாறும் பல கப்பல்களில் அப்படியே. சோடா, கோலா, அடைத்து விற்கும் தண்ணீர், இயந்திரத்தில் போட்டுத் தரும் விதவிதமான காப்பி, பீர், ஒயின் எல்லாம் தனிக்காசு. ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில் பானத்தின் விலைக்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணமும் ஏறும். பட்டியலில் உள்ள விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

அக்கா, நம் தேயிலைத் தூளைக் கொண்டுபோகலாமா? அவர்கள் டீ வாயில் வைக்க முடியாது என்கிறார்களே.

தாராளமாகக் கொண்டுபோகலாம். உலர்ந்த தூள், கடையில் சீல் வைத்த பொட்டலம் என்றால் எந்தக் கப்பலிலும் எனக்குத் தெரிந்து சிக்கல் வந்ததில்லை. வீட்டு டப்பாவிலிருந்து பாலிதீன் பையில் கொட்டிக் கட்டிய தூளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அது என்னவென்று விளக்குவதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். பெயரும் எடையும் அச்சிட்ட பொட்டலம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும்.

எந்தத் தூள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கப்பலின் வெந்நீர்க் குழாயில் வரும் நீர் சூடாக இருக்கும், கொதிக்கும் நிலையில் இருக்காது. பெரிய இலையாக வரும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை அந்தச் சூட்டில் சாறு இறங்க ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். நம் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் தயாராகும், சிறு குருணையாக வரும் சி.டி.சி. தூள் இரண்டு மூன்று நிமிடத்தில் நிறம் விட்டுவிடும். எனவே வீட்டில் எதை ரசித்துக் குடித்தாலும், கப்பலுக்கு சி.டி.சி. தூளும் ஒரு சிறிய கம்பி வடிகட்டியும் போதும். முதலில் வெறும் வெந்நீரைக் கோப்பையில் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். கோப்பை சூடேறிய பிறகு தூளைப் போட்டு ஊற்றி, மேலே ஒரு தட்டை வைத்து மூடுங்கள். உணவுக்கூடத்தில் சூடான பால் வேண்டும் என்று கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். குளிர்ந்த பாலை ஊற்றினால் நீங்கள் சொல்லும் அந்த ‘வாயில் வைக்க முடியாத’ டீதான் கிடைக்கும்.

அப்படியானால் ஒரு சின்ன கெட்டிலையும் எடுத்துக்கொள்ளட்டுமா? அரை லிட்டர்தான் பிடிக்கும்.

வேண்டாம். அளவு எவ்வளவு சிறிது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. சூடேறும் கம்பி உள்ள எந்தப் பொருளையும் பயணிகள் கொண்டுவரக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லாக் கப்பல்களிலும் உள்ள விதி. கெட்டில், தண்ணீரில் அமிழ்த்தும் கம்பிச்சுருள், காப்பி இயந்திரம், இஸ்திரிப் பெட்டி எல்லாம் இதில் அடங்கும். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடி இறங்க வாசல் கிடையாது. இந்த ஒரு விதியில் நான் முழுக்க முழுக்க அவர்கள் பக்கம்.

பிரிட்டிஷ் பயணிகளுக்காக ஓடும் பி அண்ட் ஓ, குனார்ட் கப்பல்களில் அறையிலேயே கெட்டில் வைத்திருப்பார்கள். மற்றவற்றில் ஃபிளாஸ்க்தான் வழி. இரவு உணவு முடிந்து வரும்போது வெந்நீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாட்டில் ஒரு பெட்டி, கூல்டிரிங்க் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஏறினால் விடுவார்களா?

இங்கேதான் கப்பலுக்குக் கப்பல் விதி மாறுகிறது. ராயல் கரீபியனில் மதுவற்ற பானங்களாக 12 கேன், பாட்டில் அல்லது அட்டைக் குடுவை கொண்டுபோகலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 மில்லிக்குள் இருக்க வேண்டும். கார்னிவலிலும் 12தான், ஆனால் 355 மில்லிக்குள் உள்ள கேனோ அட்டைக் குடுவையோ மட்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கண்ணாடி பாட்டிலுக்கும் அங்கே அனுமதி இல்லை. இரண்டிலும் ஏறும் முதல் நாளில், கைப்பையில் மட்டுமே.

நார்வேஜியன் நிறுவனம் தண்ணீரையும் கூல்டிரிங்கையும் அனுமதிப்பதில்லை. எம்.எஸ்.சி.யும் வெளிப் பானம் எதையும் ஏற்பதில்லை. மருத்துவத் தேவைக்கும் குழந்தைகளுக்கும் உள்ள விலக்கைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன். என் கருத்தைக் கேட்டால், குடிக்கத் தக்க நீர் குழாயில் வரும்போது 12 பாட்டிலைத் தோளில் சுமப்பது வீண். சர்க்கரை நோய்க்காகக் குறிப்பிட்ட பானம் ஒன்றையே குடிப்பவர்களுக்கு இந்தச் சலுகை உண்மையில் பயன்படும்.

தண்ணீரைக்கூடத் தடுப்பது அநியாயம் இல்லையா? ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

இரண்டு காரணங்கள். முதலாவது வருமானம். டிக்கெட் விலையைக் குறைவாக வைத்து ஆளை ஏற்றி, உள்ளே விற்பதில் ஈடுகட்டுகிறார்கள். பெரிய நிறுவனங்களின் மொத்த வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஏறிய பிறகு பயணிகள் செய்யும் செலவிலும் அதைச் சார்ந்தவற்றிலும் இருந்து வருகிறது. பானம், சூதாட்டக் கூடம், கரையில் சுற்றிக் காட்டுவது எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

இரண்டாவது காரணம் பயணிகளே உண்டாக்கியது. தண்ணீர் பாட்டிலில் மதுவை ஊற்றி மூடிக் கொண்டுவருவது பெருகிப்போனது. கார்னிவல் நிறுவனம் 2015இல் பாட்டில்களைத் தடை செய்தபோது, மறைத்து வரும் மதுவையும், ஒவ்வொரு பாட்டிலையும் சோதிக்க ஆகும் நேரத்தையும்தான் காரணமாகச் சொன்னது. பர்லியாறிலும் குஞ்சப்பனையிலும் மலையேறும் வண்டிகளை நிறுத்தி பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைக்கிறார்களே, அங்கே தாகத்தோடு வருபவர் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதில்லை. காட்டில் விழுந்த பாட்டில்களால் வந்த விதி எல்லோருக்குமாக ஆனது. கப்பலிலும் அப்படித்தான்.

கைப்பையில் என்று எதற்குச் சொல்கிறீர்கள்? பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வைத்தால் உடையாதே.

பெரிய பெட்டி உங்களோடு வராது. துறைமுக வாசலில் வாங்கி, அறை எண் சீட்டைக் கட்டி, வண்டியில் அடுக்கிக் கொண்டுபோவார்கள். சாயங்காலம் அறை வாசலில் வந்து சேரும். வழியில் ஸ்கேனர் உண்டு. அனுமதி உள்ள பானமே ஆனாலும் பெரிய பெட்டியில் தெரிந்தால் பெட்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். ஒரு ஒயின் பாட்டிலுக்காக, மாற்று உடையும் மாத்திரையும் இல்லாமல் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார வேண்டியிருக்கும். கைப்பையில் வைத்து, கேட்டவுடன் எடுத்துக் காட்டினால் அரை நிமிட வேலை. மாத்திரைகளையும் கைப்பையிலேயே வையுங்கள், பானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஒரு பாட்டில் ஒயின் கொண்டுபோகலாம் என்று மகன் சொல்கிறான். உண்மையா?

பல நிறுவனங்களில் உண்மை. ராயல் கரீபியன், கார்னிவல், பிரின்சஸ் ஆகியவற்றில் குடிக்கும் வயது வந்த ஒருவருக்கு 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் ஒரு பாட்டில், சீல் உடையாமல், ஏறும் முதல் நாளில். நார்வேஜியனில் ஒயின் கொண்டுவரலாம், ஒவ்வொரு பாட்டிலுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். டிஸ்னி கப்பல்கள் இன்னும் தாராளம். 21 வயதானவருக்கு இரண்டு பாட்டில் ஒயின் அல்லது ஆறு சிறிய பீர், அதுவும் முதல் நாளில் மட்டுமின்றி ஒவ்வொரு துறைமுகத்திலும். எம்.எஸ்.சி.யில் கிடையாது.

அட்டைப்பெட்டியில் வரும் ஒயினை ராயல் கரீபியன் ஏற்பதில்லை. பாட்டில்தான்.

எங்கள் பேரனுக்கு 19 வயது. அவன் பங்குக்கும் ஒரு பாட்டில் கணக்கா?

கப்பல் எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். ராயல் கரீபியனை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவிலிருந்து புறப்படும் பயணங்களில் குடிக்கும் வயது 21, ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் 18. எனவே சிங்கப்பூரிலிருந்து போனால் அவனும் கணக்கில் வருவான், மியாமியிலிருந்து போனால் வர மாட்டான். நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பது அங்கே செல்லாது. பேரன் குடிப்பதில் உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால் அந்தப் பாட்டிலை எடுக்காமலே விடலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

‘கார்க்கேஜ்’ என்று ஒரு கட்டணம் போட்டிருக்கிறார்கள். நம் பாட்டிலுக்கு நாமே எதற்குக் காசு கொடுப்பது?

பாட்டிலைத் திறந்து, கோப்பை வைத்து, ஊற்றிக் கொடுக்கும் பணிக்கான கட்டணம் அது. பல கப்பல்களில் அறைக்குள்ளேயே குடித்தால் இது கிடையாது. உணவுக்கூடத்துக்கோ பாருக்கோ எடுத்துப் போனால் உண்டு. நார்வேஜியன் மட்டும் கொண்டுவந்ததற்கே வாங்கிவிடும் என்று முந்தைய கேள்வி ஒன்றில் சொன்னேன். பாட்டிலைத் திறக்க வழியும் வேண்டும்: அறையில் குடிக்கத் திறப்பான் இருக்கிறதா என்று அறைப் பணியாளரிடம் கேளுங்கள். கூரான திறப்பானை விமானக் கைப்பையில் வைத்து இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட திராட்சை ஒயின் இருக்கிறது அக்கா. மகளுக்கு அதுதான் பிடிக்கும். ஒரு பாட்டில் எடுத்துப் போகட்டுமா?

குன்னூரிலும் வெலிங்டனிலும் சில வீடுகளில் பாட்டி காலத்துப் பக்குவத்தில் கிராம்பும் பட்டையும் சேர்த்து ஊறவைக்கும் அந்த ஒயினின் மணம் எனக்கும் தெரியும். அதை மகளுக்குக் கொண்டுபோக நினைக்கும் மனசும் புரிகிறது. ஆனால் கப்பலில் ஏறாது. தொழிற்சாலை முத்திரை, அச்சிட்ட சீட்டு, உடையாத மூடி மூன்றும் இல்லாத எதுவும் அவர்களுக்கு ‘என்னவென்று தெரியாத திரவம்’தான். மகள் கிறிஸ்துமஸுக்கு மலைக்கு வரும்போது ஊற்றிக் கொடுங்கள். பயணத்துக்கு வேண்டுமானால் வீட்டுக் கேக் செய்முறையை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

பிராந்தி, விஸ்கி? குளிருக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு.

ராயல் கரீபியன், கார்னிவல், பிரின்சஸ், நார்வேஜியன், டிஸ்னி, எம்.எஸ்.சி. ஆகிய எதுவும் பயணி கொண்டுவரும் பிராந்தி, விஸ்கி, ரம், வோட்கா எதையும் அறைக்கு அனுமதிப்பதில்லை. அளவு குறைவு, வயது அதிகம், மருத்துவர் சொன்னார் என்ற எதுவும் எடுபடாது. வேண்டுமென்றால் உள்ளே பாரில் வாங்கிக் குடிக்கலாம். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள் மாமா, சிங்கப்பூர்க் கடலில் குளிரே கிடையாது. டிசம்பர் மாதத்திலும் வியர்க்கும்.

வழியில் இறங்கும் ஊரில், வரியில்லாக் கடையில் வாங்கினால்? அதைத் தடுக்க முடியாதே?

தடுக்க மாட்டார்கள், வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஏறும்போது ஒரு மேசை போட்டிருப்பார்கள். பாட்டிலுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பயணத்தின் கடைசி இரவோ இறங்கும் காலையிலோ திருப்பித் தருவார்கள். கப்பலுக்குள்ளேயே உள்ள கடையில் வாங்கினாலும் இதே நடைமுறைதான். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். டிஸ்னிக்கு மட்டும், மேலே சொன்ன அளவுக்குள் ஒயினோ பீரோ வாங்கி வந்தால், விலக்கு.

திரும்பும் கணக்கும் இதில் உண்டு. இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். விமானத்தில் 24 முதல் 70 சதவீதம் வரை மதுச்சத்து உள்ளவற்றை, கடைச் சீலோடு, ஒருவர் 5 லிட்டர் வரை எடுத்துச் செல்ல விமான விதி இடம் தருகிறது. விமானம் விட்டாலும் சுங்கம் விடாது என்பதால் உங்கள் எல்லை 2 லிட்டர்தான். துறைமுகக் கடையில் வாங்கிய பாட்டிலை விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. பெரிய பெட்டிக்குள், வேட்டி துண்டில் சுற்றி வையுங்கள்.

மருமகன் சொல்கிறார், தண்ணீர் பாட்டிலில் வோட்காவை ஊற்றி அத்தை பெட்டியில் வைத்துவிட்டால் பெரியவர்களைச் சோதிக்க மாட்டார்கள் என்று. சரியா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதவே உட்கார்ந்தேன். செய்யாதீர்கள். செய்யவும் விடாதீர்கள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், எஸ்டேட்டில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. மகன் இரண்டு தண்ணீர் பாட்டில்களில் வோட்காவை நிரப்பி, அவரிடம் சொல்லாமல் அவர் பெட்டியில் வைத்துவிட்டான். சாயங்காலம் எல்லோர் பெட்டியும் வந்தது, அவருடையது வரவில்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறைக்கு வரச் சொல்லி அழைப்பு. வரிசையில் நின்றார். மேசை மேல் பெட்டியை வைத்துத் திறக்கச் சொன்னார்கள். மடித்த வேட்டி, கம்பளிக் குல்லாய், திங்கள் செவ்வாய் என்று கட்டம் போட்ட மாத்திரை டப்பா, அதற்குக் கீழே இரண்டு பாட்டில். காவலர் மூடியைத் தொட்டுப் பார்த்தார், வளையம் ஏற்கெனவே அறுந்திருந்தது. முகர்ந்துவிட்டு, அவர் கண்ணெதிரே தொட்டியில் கவிழ்த்தார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. மீதி மூன்று நாளும் அவர் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

பெரியவர்களைச் சோதிக்க மாட்டார்கள் என்பது பொய். ஸ்கேனருக்கு வயது தெரியாது. வாய் கொப்பளிக்கும் திரவ பாட்டிலும், ஷாம்பு பாட்டில் போலச் செய்து விற்கும் பைகளும் அவர்களுக்குப் புதிதல்ல. தண்ணீர், சோடா, வாய் கொப்பளிக்கும் திரவம் எதையும் திறந்து பார்க்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பறித்ததைத் திருப்பித் தர மாட்டார்கள், காசும் கிடைக்காது. ஏறவே விடாமல் நிறுத்தவும், வழியில் இறக்கிவிடவும் அந்த விதி இடம் தருகிறது. அம்மா, உங்கள் பெட்டியை நீங்களே கட்டுங்கள். கட்டி முடித்ததும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

தசமூலாரிஷ்டம் தினமும் சாப்பிடுகிறேன். அது மருந்துதானே, கேட்க என்ன இருக்கிறது?

கேட்டது நல்லதாயிற்று. அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்கவைத்துச் செய்வதால் தானாகவே மதுச்சத்து உண்டாகும். பாட்டில் சீட்டைப் பாருங்கள், 5 முதல் 10 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். பீரை விட அதிகமாகவும் இருக்கலாம். திறந்த பாட்டில், புரியாத எழுத்து, மது வாடை மூன்றும் சேர்ந்தால் காவலர் மருந்து என்று நம்ப மாட்டார்.

வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள், மருந்தின் பெயரும் அளவும் உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும். திறக்காத சிறிய பாட்டிலாக எடுங்கள். பயணத்துக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வையுங்கள். நான்கு நாளுக்கு மாத்திரையாகவோ சூரணமாகவோ மாற்றித் தர முடியுமா என்று வைத்தியரிடம் கேட்பது இதையெல்லாம் விட எளிது.

தூங்கும்போது மூச்சுக்கு வைக்கும் இயந்திரத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். அதையும் பிடுங்குவார்களா?

மாட்டார்கள். தண்ணீரே கூடாது என்கிற நார்வேஜியன்கூட இதை அனுமதிக்கிறது, சீல் உடையாத பாட்டிலாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து சுமக்க வேண்டாம், புறப்படும் ஊரில் மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் முன்கூட்டியே சொன்னால் அறையிலேயே வைத்துவிடும். இங்கே பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்பதை வாங்கிப் போகாதீர்கள். மூச்சோடு உள்ளே போகும் ஈரத்துக்கு அது உரியதல்ல.

கைக்குழந்தைக்குப் பால்?

பால் பவுடர், குழந்தை உணவு, அதைக் கலக்கச் சீல் வைத்த நீர் எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு. பயண நாட்களுக்கு மேல் இரண்டு நாளுக்குச் சேர்த்து எடுங்கள். உங்கள் குழந்தை குடிக்கும் அதே பவுடர் கப்பல் கடையில் இருக்கும் என்று நம்பக் கூடாது.

சென்னையிலிருந்து கிளம்புகிறதே ஒரு கப்பல், அதில் நம் ஊர் ஆட்கள்தானே, கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள் இல்லையா?

கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலைக் கேட்கிறீர்கள். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அதன் பயணத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். இலங்கைத் துறைமுகங்களுக்கும் போயிருக்கிறது. ஊழியர்கள் தமிழில் பேசக்கூடும், விதி பேசாது. வெளி உணவுக்கும் வெளிப் பானத்துக்கும் அங்கே அனுமதி இல்லை. சைவமும் ஜைன உணவும் உள்ளேயே கிடைப்பதால் கட்டுச்சோறு தேவைப்படாது. இலங்கையில் இறங்கித் திரும்பினால் சென்னையில் சுங்கச் சோதனை உண்டு, 2 லிட்டர் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

கோயம்புத்தூரில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறோம். எந்த விதியைப் பார்ப்பது?

இரண்டையும். குழப்பம் வருவது இங்கேதான். கப்பல் ‘பானத்தைக் கைப்பையில் வை’ என்கிறது. விமானமோ கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவத்தையும் விடாது. எனவே மலையிலிருந்து கொண்டுபோகும் திரவம் எதுவானாலும் விமானத்தில் பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். சிங்கப்பூரில் இறங்கி, துறைமுகத்துக்குக் கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து கைப்பைக்கு மாற்ற வேண்டும். மகள் வீட்டில் ஓர் இரவு தங்குபவர்களுக்கு இது எளிது. விமான நிலையத்திலிருந்து நேரே துறைமுகம் போகிறவர்கள், வேண்டியதை அங்கேயே வாங்கிக்கொள்வதுதான் நல்லது. தேயிலைத் தூளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எங்கே வைத்தாலும் அது தூள்தான்.

மகன் மது பேக்கேஜ் (முன்கூட்டியே ஒரு தொகை கட்டிவிட்டுக் குடிக்கும் திட்டம்) எடுக்கிறான். ஒரே அறையில் இருப்பதால் அவன் அப்பாவும் எடுக்க வேண்டுமாம். அவர் குடிப்பதே இல்லையே!

ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில் இந்த விதி உண்மையாகவே இருக்கிறது. ஓர் அறையில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால், அதே அறையில் உள்ள குடிக்கும் வயது வந்த எல்லோரும் வாங்க வேண்டும். ஒருவர் பேக்கேஜில் நால்வர் குடிப்பதைத் தடுக்கத்தான். ஏறிய பிறகு சண்டை போடாமல், பதிவு செய்யும்போதே யார் எந்த அறையில் என்று யோசியுங்கள். அப்பாவும் அம்மாவும் ஓர் அறை, மகனும் மருமகளும் ஓர் அறை என்று பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. ஒரே அறைதான் என்றால் மகன் வேண்டியதை அவ்வப்போது காசு கொடுத்து வாங்கிக் குடிக்கட்டும். நாளுக்கு இரண்டு கோப்பை குடிப்பவருக்கு அதுவே மலிவாக முடியும்.

வர்க்கியும் ஹோம்மேட் சாக்லேட்டும்? குடிக்கும் பொருள் இல்லைதான், ஆனாலும் கேட்கிறேன்.

அச்சிட்ட பொட்டலத்தில் சீலோடு இருந்தால் பல நிறுவனங்களில் விடுவார்கள், வெளி உணவே கூடாது என்பவற்றில் விட மாட்டார்கள். தாளில் மடித்து நூல் கட்டித் தரும் வர்க்கியை பேக்கரியிலேயே சீல் போட்டுத் தரச் சொல்லுங்கள். சாக்லேட்டை சிங்கப்பூர் வெயிலில் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்காதீர்கள்.

மிஞ்சியதை இறங்கும்போது எடுத்து வரலாமா?

கப்பல் உணவுக்கூடத்துப் பழத்தையோ சமைத்த உணவையோ கரைக்குக் கொண்டுபோகக் கூடாது, பல நாடுகளில் அபராதம் உண்டு. திறக்காத பானத்தைக் கொண்டுவரலாம், விமானக் கைப்பைக்கு மேலே சொன்ன 100 மில்லி விதி மறுபடி வரும். தேயிலைத் தூள் மிஞ்சினால் நான் திரும்பக் கொண்டுவருவதில்லை. என் அறையைச் சுத்தம் செய்த தம்பி தேனிக்காரர், ஆறு மாதமாக வீட்டுக்குப் போகாதவர். கால் கிலோ பொட்டலத்தில் பாதி இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டு, கம்பி வடிகட்டியையும் சேர்த்து அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.